கூவத்தைத் தெருவில் சுத்தம் செய்யுங்கள்

கூவம், அடையாறு பற்றிக் கேளுங்கள் என்றோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. கோபமும் ஆசையும் அவற்றில் சரிபாதி. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

கே: கூவம் என்றாவது சுத்தமாகுமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, சேத்துப்பட்டு

ப: ஆகும்.

கே: வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எதை வைத்து இன்னும் நம்பச் சொல்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணா நகர்

ப: ஆற்றை வைத்துத்தான். கேசவரம் அணைக்கட்டில் பிரிந்து, வயல்களுக்கு நடுவே வரும்வரை அது சாதாரண ஆறு. நகரம் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கையில், நாட்டிலேயே மிக மோசமாகக் கெட்டுப்போன ஆற்றுப்பகுதியாக வந்தது ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடையே உள்ள கூவம். காரணமும் மர்மம் இல்லை: நம் வீட்டுக் கழிவுநீர். எங்கே கெடுகிறது, எதனால் கெடுகிறது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒன்றைச் சரிசெய்ய முடியாது என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கே: எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே சென்னைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். இதற்கு என்ன பரிகாரம்?
– விவசாயி, கூவம் கிராமம், திருவள்ளூர் மாவட்டம்

ப: பெயர் உங்களுடையது, நாற்றம் எங்களுடையது. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் கோயில் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. சென்னைக்காரர்கள் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து ஆற்றையும் கோயிலையும் பார்க்க வேண்டும். தாங்கள் கெடுத்தது எதை என்று அப்போது தெரியும்.

கே: கூவத் தண்ணீர் ஏன் கறுப்பாக இருக்கிறது? ஏன் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது?
– ஏழாம் வகுப்பு மாணவன், சூளைமேடு

ப: நல்ல கேள்வி, தம்பி. கழிவுநீரில் உள்ள அழுக்கைப் பாக்டீரியாக்கள் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அழுக்கு அளவுக்கு மீறிப் போனால் ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்துவிடும். அதன்பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு; முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு. கறுப்பு நிறம் அது. ஆக, கூவத்தில் யாரும் கறுப்புச் சாயம் கொட்டவில்லை. ஆறு மூச்சுவிடக் காற்றில்லாமல் தவிக்கிறது. புதிதாகக் கழிவுநீர் வராமல் நிறுத்திவிட்டால், காற்றிலிருந்து ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கரையும்.

கே: எங்கள் வீட்டில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறது. எங்களுக்கும் கூவத்துக்கும் என்ன சம்பந்தம்?
– இல்லத்தரசி, நுங்கம்பாக்கம்

ப: இணைப்பு இருந்தால் நல்லது. ஆனால் அது எந்தக் குழாயில் சேர்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நம் தெருக்களின் கீழே இரண்டு வழிகள் ஓடுகின்றன. ஒன்று பாதாளச் சாக்கடை. அது பம்பிங் ஸ்டேஷன் வழியாகக் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. இன்னொன்று மழைநீர் வடிகால். அதற்குச் சுத்திகரிப்பு கிடையாது. நேராக ஆறு அல்லது கால்வாய். கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் செருகிவிட்டால், உங்கள் குளியலறையும் கூவமும் பக்கத்து வீடுகள்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது திட்ட அளவு. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும். நான்கு பேர் கொண்ட வீட்டிலிருந்து தினமும் 430 லிட்டருக்கு மேல். ஒரு தெருவில் பத்து வீடுகள் தவறாக இணைந்திருந்தால், தண்ணீர் லாரியில் பாதி அளவுக் கழிவுநீர் அன்றாடம் ஆற்றுக்குப் போகிறது.

கே: மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலக்கிறதா என்று சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது?
– மளிகைக் கடைக்காரர், அமைந்தகரை

ப: ஏப்ரல் மாதம் வரை காத்திருங்கள். ஏப்ரலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை.

கே: வீட்டுக்காரர் செலவு குறையட்டும் என்று மழைநீர் வடிகாலிலேயே இணைத்துவிடச் சொல்கிறார். நான் மறுத்தால் வேறு ஆளைக் கூப்பிடுவார். என்ன செய்ய?
– பிளம்பர், வில்லிவாக்கம்

ப: மறுத்துவிடுங்கள். பள்ளம் தோண்டும் செலவு வீட்டுக்காரருக்கு ஒருநாள் செலவு. தப்பான இணைப்பு ஆற்றுக்கு ஆயுள்காலச் செலவு. பெரிய பொறியாளர்கள் போடும் திட்டம் கடைசியில் உங்கள் கையில் இருக்கும் இரண்டடிக் குழாயில்தான் நிற்கிறது. குடிநீர் வாரியம் உங்களைப் போன்ற பிளம்பர்களை வார்டுவாரியாகக் கூட்டிப் பேச வேண்டும். நேர்மையாக வேலை செய்பவர்களின் பட்டியலை மக்களுக்குக் கொடுக்க வேண்டும். அப்போது மறுப்பவருக்கு வேலை போகாது. மறுப்பதால்தான் வேலை வரும்.

கே: கூவம் சீரமைப்புக்கு ஒதுக்கிய கோடிகள் எங்கே போயின?
– வழக்கறிஞர், எழும்பூர்

ப: கூவம் சுற்றுச்சூழல் மறுசீரமைப்புத் திட்டத்தின் மதிப்பீடு சுமார் 605 கோடி ரூபாய், அடையாற்றுக்குச் சுமார் 555 கோடி. இரண்டையும் ஒருங்கிணைப்பது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. கழிவுநீரை இடைமறித்துத் திருப்புவது, தூர் வாருவது, கரைக்கு வேலி, நடைபாதை, மரங்கள், கரையோரக் குடும்பங்களுக்கு மாற்று வீடு எனப் பல வேலைகள். அவற்றைச் செய்வது மாநகராட்சி, நீர்வளத்துறை, குடிநீர் வாரியம், வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பல துறைகள்.

செலவுக் கணக்கைக் கேட்பது உங்கள் உரிமை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் கூர்மையாக்குங்கள். “எவ்வளவு செலவு?” என்பதோடு, “எந்தெந்த இடத்தில் கழிவுநீர் ஆற்றில் விழுகிறது, அதில் எத்தனை அடைக்கப்பட்டது, எது மறுபடி திறந்துகொண்டது?” என்றும் கேளுங்கள். இந்தப் பட்டியல் ஒவ்வொரு வார்டு அலுவலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். ஆறு முன்னேறியதா என்பதை நடைபாதையின் நீளம் காட்டாது. குளிக்கத் தகுந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னச் செலவழிக்கும் ஆக்சிஜனின் அளவு, அதாவது உயிர்வழி ஆக்சிஜன் தேவை, 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 2022 அறிக்கையில் கூவத்தில் இந்தத் தேவையின் அளவு 345. அந்த 345 எவ்வளவு இறங்கியது என்பதே திட்டத்தின் மதிப்பெண்.

கே: தூர் வாரினால் எல்லாம் சரியாகிவிடாதா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீடு மூழ்கியது.
– ஆட்டோ ஓட்டுநர், சைதாப்பேட்டை

ப: அடையாறு உங்கள் தெருவுக்கு வந்ததை மறக்கவே முடியாது. வெள்ளம் வடியத் தூர் வாருதல் அவசியம். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் கழிவுநீரை நிறுத்தாமல் தூர் மட்டும் வாரினால், ஆழமான சாக்கடை கிடைக்கும். வெள்ளத்தைக் குறைக்க இன்னொன்றும் வேண்டும்: ஆறு பரந்து ஓடிய இடத்தை ஆற்றுக்கே விடுவது. அதில் சிறிய வீட்டுக்கும் பெரிய கட்டடத்துக்கும் ஒரே அளவுகோல் வைத்தால்தான் மக்கள் அரசை நம்புவார்கள்.

கே: முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்கிறது. எங்களைக் கேட்காமலே எந்திரத்தைக் கொண்டுவந்து அள்ளுகிறார்கள். மறுபடி மூடுகிறது.
– மீனவர், பட்டினப்பாக்கம்

ப: உங்களைக் கேட்டிருக்க வேண்டும். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். கூவத்தின் வாய் அடைபட்டதும் அப்படித்தான். அதோடு நம் கடலில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான்; உள்ளே புகுந்து அழுக்கை அலசிச் செல்லும் வேகம் அதற்குக் குறைவு. எந்த மாதம் மணல் எங்கே ஏறும் என்பது மீனவர் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். முகத்துவாரம் பற்றிய கூட்டம் எதுவானாலும் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அதில் ஒரு நாற்காலி வேண்டும்.

கே: கூவக் கரையிலிருந்து எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆறு சுத்தமாவதற்கு நாங்கள்தான் விலையா?
– வீட்டு வேலை செய்யும் பெண், பெரும்பாக்கம்

ப: அம்மா, இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல முடியாது. கரையில் குடிசை போட்டவர்களால்தான் ஆறு கெட்டது என்பது கணக்குக்கு ஒத்துவராத பேச்சு. குடத்தில் தண்ணீர் பிடித்து வாழ்ந்த வீடு அனுப்பும் கழிவுநீர் எவ்வளவு? ஷவரும் வாஷிங் மெஷினும் உள்ள மாடி வீடு அனுப்புவது எவ்வளவு? அதிகம் செலவழித்தவர் நகரத்துக்குள் இருக்கிறார். குறைவாகச் செலவழித்தவர் நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டார்.

வெள்ளம் பாயும் கரையில் யாரும் உயிரைப் பணயம் வைத்து வாழக்கூடாது என்பது உண்மை. ஆனால் மாற்று வீடு என்றால், பார்த்த வேலைக்குப் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு நடுவில் முறியக்கூடாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே குடும்பங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அரசும் மக்களும் கைகோத்து ஆற்றை மீட்கிறார்கள் என்று மேடையில் சொல்லும்போது, அந்த மக்களில் முதல் வரிசை உங்களுக்கு. உங்களை விட்டுவிட்டுச் செய்வது கூட்டு முயற்சி ஆகாது.

கே: ஞாயிறுதோறும் நண்பர்களோடு கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறோம். இதனால் ஆறு சுத்தமாகுமா?
– ஐ.டி. ஊழியர், ராமாபுரம்

ப: கரை சுத்தமாகும், ஆறு ஆகாது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிறு குப்பைக்கு, அடுத்த ஞாயிறு குழாய்க்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கரையோரமாக நடந்து, கழிவுநீர் விழும் ஒவ்வொரு இடத்தையும் படம் எடுங்கள். இடம், தேதி, நேரம் குறியுங்கள். அந்த வரைபடத்தோடு வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். 2022இல் வந்த விதிகளின்படி நகரங்களில் வார்டு குழுவும் ஏரியா சபையும் உண்டு. கிராம சபையில் கிராமத்தார் எழுந்து கேட்பதுபோல, ஏரியா சபையில் நீங்கள் எழுந்து கேட்கலாம். நாற்பது பேர் கையெழுத்திட்ட ஒரு வரைபடத்தை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கே: வரி கட்டுகிறோம். ஆற்றைச் சுத்தம் செய்வது அரசின் வேலை. மக்களை ஏன் இழுக்கிறீர்கள்?
– தொழிலதிபர், அடையாறு

ப: பெரிய குழாய், பம்பிங் ஸ்டேஷன், சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றை அரசுதான் அமைக்க முடியும். அவை கெட்டுப்போனால் அரசைத்தான் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரை உள்ள தூரம் உங்களுடையது.

பஞ்சாபில் காளி பேயின் என்ற 160 கிலோமீட்டர் ஆறு, குரு நானக் குளித்ததாகச் சீக்கியர்கள் போற்றும் ஆறு, சாக்கடையாகிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற துறவி ஊர் மக்களைத் திரட்டி, கையாலேயே புதரையும் சேற்றையும் அள்ளத் தொடங்கினார். அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது நேரில் போய்ப் பார்த்துப் பாராட்டினார். அந்தத் துறவியும் சேற்றை அள்ளியதோடு நிற்கவில்லை. ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து வயலுக்குத் திருப்ப வேண்டும் என்று அரசை இடைவிடாமல் நெருக்கினார். மக்கள் தொடங்கியதை அரசு தொடர வேண்டும். அரசு கட்டியதை மக்கள் காக்க வேண்டும். ஒருவர் கை ஓய்ந்தாலும் ஆறு பழையபடி ஆகிவிடும்.

கே: நாங்கள் சிங்கப்பூரில் பத்தே வருடத்தில் ஆற்றைச் சுத்தம் செய்துவிட்டோம். உங்களால் ஏன் முடியவில்லை?
– வாசகர், தேக்கா, சிங்கப்பூர்

ப: பெருமைப்பட உங்களுக்கு உரிமை உண்டு. 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடக் கெடு வைத்தார், 1987இல் முடித்தார்கள். பன்றி, வாத்துப் பண்ணைகள் அகன்றன. தெருக்கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்குள் போனார்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியர்களும் துடுப்புப் போட்ட அந்த ஆற்றிலிருந்து சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின.

நாங்கள் உங்களிடம் கற்க வேண்டியது இரண்டு: ஒரே தலைமை, ஒரே கெடு. இங்கே ஆறு ஒன்று, துறைகள் பல. ஒவ்வொரு துறைக்கும் ஒரு கெடு.

கே: அப்படியானால் நமக்கு எத்தனை வருடம் ஆகும்?
– பள்ளித் தலைமையாசிரியர், தாம்பரம்

ப: லண்டனைப் பாருங்கள். 1858இல் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது; அதன்பிறகு பெரும் கழிவுநீர்க் குழாய்கள் அமைத்தார்கள். அப்படியும் 1957இல் உயிரற்ற ஆறு என்று அறிவிக்கும் நிலை வந்தது. மறுபடி உழைத்து மீன்களைத் திரும்ப வரவைத்தார்கள். 2025இல்கூட 25 கிலோமீட்டர் நீளப் புதிய சுரங்கக் குழாயை வேலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தேர்தலுக்குள் முடிகிற காரியம் இல்லை இது. ஆட்சி மாறினாலும் மாறாத திட்டமாக இருந்தால் நம் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

கே: சியோல் நகரில் மேம்பாலத்தை இடித்து ஆற்றை மீட்ட படங்களைப் பார்த்தேன். இங்கும் அப்படிச் செய்யலாமே?
– கட்டடக்கலை மாணவர், கிண்டி

ப: சியோலின் அந்தச் சோங்கேசோன் ஆறு அழகுதான். 2005இல் திறந்தார்கள், 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு செய்து விடப்படுவது. நமக்கு அப்படிக் கடன் தர இன்னொரு ஆறு இல்லை. நம் ஆற்றுக்கு நாம் தரக்கூடியது, நன்றாகச் சுத்திகரித்த நம் கழிவுநீர்தான்.

கே: கழிவுநீரைச் சுத்திகரித்து யாருக்கு என்ன லாபம்?
– பொறியாளர், மணலி

ப: உங்கள் பகுதித் தொழிற்சாலைகளையே கேளுங்கள். 2019இலிருந்து கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் உள்ளன. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் குடிக்க மிச்சம். ஆற்றுக்கும் லாபம், குடத்துக்கும் லாபம்.

கே: சாயக் கழிவை நிறுத்தச் சொன்னால் தொழில் செத்துவிடும் என்கிறார்களே?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

ப: உங்கள் ஊரே பதில். ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி நிலம் கெட்டபோது, நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வேலையிழந்து தவித்தவர்கள் ஏராளம். அந்தத் துன்பத்தைச் சிறிதாக்கிப் பேசக்கூடாது. பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. அரசும் கடன் கொடுத்துத் தாங்கியது. திருப்பூர் இன்றும் ஏற்றுமதி செய்கிறது. ஆற்றைக் கொல்லாமல் துணிக்குச் சாயம் போட முடியும். விதி மீறுபவர்களை விடாமல் கண்காணிப்பது மட்டும் நிற்கக்கூடாது.

கே: செப்டிக் டேங்க் லாரிகள் இரவில் கால்வாயில் திறந்துவிடுகின்றன. யாரிடம் சொல்வது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், போரூர்

ப: லாரி எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913, குடிநீர் வாரியத்தின் 1916 ஆகிய எண்களில் புகார் செய்யுங்கள். தொட்டி சுத்தம் செய்ய 14420ஐ அழைத்து உரிமம் பெற்ற வண்டியையே வரவழையுங்கள். மலிவாக வரும் லாரி எங்கே கொட்டப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் மனிதரை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். மனசாட்சிப்படி அதைவிடப் பெரிய குற்றம்.

கே: கூவத்தை மூடிவிட்டால் டெங்கு ஒழியுமா?
– மருந்துக் கடைக்காரர், புதுப்பேட்டை

ப: ஒழியாது. டெங்கு பரப்பும் ஏடீஸ் கொசு வளர்வது உங்கள் மொட்டைமாடி டயரிலும் திறந்த தொட்டியிலும். கூவத்தில் வளர்வது இரவெல்லாம் கடிக்கும் கியூலெக்ஸ். டெங்குவை ஒழிக்க ஆற்றை மூட வேண்டியதில்லை, தொட்டியை மூடுங்கள்.

கே: சென்னையில் வெற்றி பெற்ற ஒரே ஒரு உதாரணமாவது உண்டா?
– ஆசிரியை, மயிலாப்பூர்

ப: உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடையாற்றுக் கழிமுகத்தின் ஓடை குப்பைமேடாகிக் கிடந்தது. 1990களில் ஒரு குடிமக்கள் அமைப்பு அதைக் காக்க நீதிமன்றம் போனது. பின்னர் அரசு அறக்கட்டளை அமைத்து, 58 ஏக்கரில் குப்பையை அகற்றி, நீர்வழியைத் திறந்து, மண்ணுக்கேற்ற மரங்களையும் அலையாத்திச் செடிகளையும் நட்டது. 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தது. பறவைகள் திரும்ப வந்தன. குடிமக்கள் வழக்குப் போட்டார்கள், அரசு பணம் போட்டது, இயற்கை மிச்சத்தைச் செய்தது. உங்கள் மாணவர்களை அங்கே கூட்டிப்போங்கள். திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களையே கேளுங்கள்.

கே: நான் ஒருத்தி. என் ஒருத்தியால் என்ன ஆகிவிடும்?
– வாசகி, அரும்பாக்கம்

ப: ஒரு வீடு சரியாகும். இந்த வாரம் மூன்று வேலைகள் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எந்தக் குழாயில் சேர்கிறது என்று பிளம்பரை வைத்துப் பாருங்கள். தவறென்றால் குடிநீர் வாரியத்தில் முறையான இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். அடுக்குமாடியில் இருந்தால், சுத்திகரிப்பு நிலையம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அடுத்த ஏரியா சபை எப்போது என்று விசாரித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் இதே வேண்டுகோள்தான். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கூவத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பதற்கு முன், நம் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். அதன்பிறகு உரத்த குரலில் கேட்போம், பதில் வரும்வரை விடாமல் கேட்போம்.